இடது மதகு

என் அன்புக்கு உரியவருக்கு,

நானும் சின்னவளும் மாமாவும் உடம்பளவில் நலமாக இருக்கிறோம். நீங்களும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் மாமாவிடம் போனில் பேசி இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. பேசி முடித்ததும் என்னைக் கூப்பிடச் சொல்வீர்கள் என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அறை வாசல் வரைக்கும் வந்து நின்றேன். மாமா போனை வைத்துவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார். உங்களிடம் என்னவெல்லாம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. 'ஆமா, அவதான்' என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்ட இரண்டு தடவையும் விடுதியில் வேறு யாரோ எடுத்து, நீங்கள் ஷிப்டில் இருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் ஷிப்ட் எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாதா. சரி, அதை விடுங்கள். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, அந்தச் சுவரோரத்துப் போனில் பேசி முடிக்கிற விஷயமும் இல்லை இது. கோபம் இருந்தாலும் கடைசி வரைக்கும் படித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்கத் தயங்குகிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அடக்க நிலத்தில் மண் திறக்கவில்லை. நம் பையனும் அத்தையும் வைத்த இடத்திலேயே இருக்கிறார்கள். தண்ணீர் நாலு நாள் நின்றது. வடிந்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குச் சேறு. சுற்றுச்சுவர் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நீங்கள் பையனுக்குக் கட்டிய கல் வரம்பு சேற்றுக்கு அடியில் இருக்கிறதா, அடித்துக்கொண்டு போய்விட்டதா தெரியவில்லை. எந்த இடம் யாருடையது என்று யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. ஆனால் திறக்கவில்லை. நான் அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளும் நடுவில் வரும். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வருகிறது.

மழை ஒன்பது நாள் விடாமல் பெய்தது. ஏரியின் அளவுக் கம்பத்தில் ஆறாவது நாளே பதினெட்டு அடி காட்டியது. ஒன்பதாவது நாள் காலை இருபத்தொன்று. இருபத்திரண்டைத் தொட்டால் ஏதாவது ஒரு மதகைத் திறந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கரை நடுவில் உடைந்து ஊர் மொத்தமும் போய்விடும் என்பதை அப்பா இந்த மதகுக் காவல் வேலையில் இருந்த காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அப்பா காலத்தில் இதில் குழப்பமே இருந்ததில்லை. இடது மதகைத் திறப்பார். தண்ணீர் பழைய வாய்க்காலில் இறங்கி, யாரையும் தொடாமல் ஆற்றில் போய்ச் சேரும்.

அந்த வாய்க்கால் படுகையைத்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் நம் வழிபாட்டு மண்டபம் அடக்க நிலத்துக்காகக் கேட்டது. பழைய அடக்க நிலத்தில் இடம் போதவில்லை. நகரசபையில் ஒன்பது பேர் என்றால் ஏழு பேர் நம் மண்டபத்து ஆட்கள். மண்டபத்தில் வழிபாடு முடிந்து செருப்பு மாட்டும்போது பேசிக்கொள்வதைத்தான் மறுநாள் நகரசபையில் கையெழுத்துப் போடுவார்கள். 'மண்டபத்தின் சம்மதம் இல்லாமல் இடது மதகைத் திறப்பதில்லை' என்று தீர்மானம் போட்டு நிலத்தைக் கொடுத்தார்கள். அப்பா மட்டும் எழுதிக் கொடுத்தார், இது தண்ணீர் போகிற இடம் என்று. அதை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. நீங்களும்கூட சுற்றுச்சுவருக்குக் கல் தூக்கினீர்கள். குத்திக்காட்டவில்லை. அப்போது எனக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது. அடுத்த வருடம் அத்தை போனார். மூன்று வருடம் முன்னால் காய்ச்சலில் நம் பையன் போனான். அதற்குப் பிறகு அந்த இடத்தை வாய்க்கால் என்று நான் மனதில்கூட நினைத்ததில்லை.

வலது மதகைத் திறந்தால் தண்ணீர் சாயத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அறுபத்தொரு வீடு. கொஞ்சமாகத் திறந்தால் கால்வாய் தாங்கும். முழுதாகத் திறந்தால் வீட்டுக்குள் மார்பளவு நிற்கும்.

காலையிலேயே இன்ஜினியருக்குப் போன் செய்தேன். எதைத் திறக்கட்டும் என்று கேட்டதற்கு அவர் பிடியே கொடுக்கவில்லை. 'உங்க ஊர்ல ஒரு தீர்மானம் இருக்கே. உள்ளூர்ல என்ன முடிவோ அதைப் பண்ணுங்க' என்று கையைக் கழுவிவிட்டார். பத்து மணிக்கு மண்டபத்தில் அவசரக் கூட்டம் கூடியது. அளவு சொல்வதற்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மழைக்கோட்டோடு கதவோரம் நின்றேன். நான் நின்ற இடத்தில் சின்னக் குட்டையே ஆகிவிட்டது.

மண்டபத்துப் பெரியவரைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தை எழுத மாட்டேன். பையன் கிடந்தபோது அவர் வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. அன்றைக்கும் அவர் குரலை உயர்த்தவில்லை. 'உயிரோட இருக்கறவங்களுக்குக் கால் இருக்கு, எழுந்து நடந்துடுவாங்க. அங்க படுத்திருக்கறவங்களுக்கு நாமதான் கால். நம்மளை நம்பி மண்ணுக்குள்ள போனவங்க' என்றார். அதைக் கேட்டதும் மண்டபத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். நானும்தான். நம்பி வந்தவர்களைத் தண்ணீரில் விடுவது பாவம் என்று அவர் மனதார நம்புகிறார். அதனால்தான் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. பொய்யாகப் பேசுகிறவராக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

எதற்கெடுத்தாலும் எழுந்து தீர்மானம் வாசிப்பதால் நாம் 'தீர்மானம்' என்றே கூப்பிடுகிற இரும்புக்கடைக்காரர், வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்திருந்தார். வலது மதகை முழுதாகத் திறப்பது, சாயத்தெருக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் சொல்லிவிடுவது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன், சாயத்தெருவிலிருந்து ஒருவரையாவது கூப்பிட்டீர்களா என்று. 'அவங்க நம்ம மண்டபத்து ஆளுங்க இல்லையேம்மா' என்று மருந்துக்கடைக்காரர் ரொம்பப் பொறுமையாக எனக்கு விளக்கினார், நான் வெளியூரிலிருந்து வந்தவள் மாதிரி. பெரியவர் என் பக்கம் திரும்பி, 'நீ என்ன சொல்ற? உன் பிள்ளையும் அங்கதானே இருக்கான்' என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் மாமா முதல் வரிசையில் இருந்தார். இந்தக் கடிதத்தில் நான் வெட்கப்படுகிற இடம் இது ஒன்றுதான். அங்கே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டரைக்கு வலது மதகுக்குக் கிளம்பினேன். வழி சாயத்தெரு வழியாகத்தான். சைக்கிளில் இரண்டு பேர் போய்ச் சொல்லியிருந்தார்கள். தெருவே நடுத்தெருவில் இருந்தது. பாத்திரம், படுக்கை, துணிப் பொதி, அழுகிற குழந்தைகள். சாயம் கரைந்து தெருவோரத்தில் நீலமும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தது. கோடி வீட்டில் ஒரு அம்மா, எனக்குத் தையல் நூலுக்குச் சாயம் போட்டுத் தருகிறவர், கதவைக் கழற்றித் தரையில் போட்டு அதில் தன் வீட்டுக்காரரைப் படுக்கவைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே அவருக்கு இரண்டு வருடமாக உணர்வில்லை. அந்த அம்மா தூக்க ஆள் தேடுகிறார், ஆளாளுக்கு அவரவர் வீட்டு ஆளைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தெருவில் அப்படிப் படுக்கையில் கிடப்பவர்கள் ஏழு பேர் என்று அன்றைக்குத்தான் தெரியும். அந்த அம்மா என் மழைக்கோட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அழவில்லை, சண்டைக்கு வரவில்லை. 'ஒரு மணி நேரத்துல முடியாதும்மா. இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக் குடு' என்றார், நேரம் என் பையில் இருக்கிற மாதிரி.

நான் தலையாட்டிவிட்டு மேலே ஏறினேன். கம்பத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு அடிக்கு இரண்டு விரற்கடைதான் பாக்கி. நடுக்கரையில் ஊர்ப்பக்கமாகக் கசிவு கண்டுவிட்டது. கலங்கிய தண்ணீர். கசிவு தெளிவாக வந்தால் நேரம் இருக்கிறது, கலங்கி வந்தால் கரை கரைகிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் கொடுக்க என்னிடம் அரை மணிகூட இல்லை. வலது சக்கரத்தில் கையை வைத்தேன். கீழே அந்தக் கதவும் அதன் மேல் கட்டிக் கிடந்தவரும் தெரிந்தார்கள். நான்கு வீடு தாண்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

நம்மவர்களுக்குக் கால் இல்லை என்றார் பெரியவர். இவருக்கு எங்கே இருக்கிறது. எனக்கு அப்போது தோன்றியது இது ஒன்றுதான். பெரிதாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். கையை எடுத்துவிட்டுக் கரைமேல் இடது மதகை நோக்கி ஓடினேன்.

அங்கே மாமா இருந்தார். யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மண்டபத்தில் அவரை உட்காரவைத்திருந்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் ஓடி வருவதைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். 'உன் பிள்ளை மேலயா தண்ணி விடப் போற?' என்றார். ஆமாம் மாமா என்றேன். கதவில் கட்டிக் கிடந்தவரைச் சொன்னேன். ஏழு பேர் என்று சொன்னேன். கசிவு கலங்கி வருகிறது என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் சாயத்தெருப் பக்கம் பார்த்தார். கரைமேலிருந்து எல்லாம் தெரியும். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. பிறகு அடக்க நிலத்தின் பக்கம் திரும்பினார். 'உங்க அத்தைக்குத் தண்ணின்னா பயம். ஆத்துல கால் நனைச்சதில்ல' என்றார். குடையை மடக்கிக் கல் மேல் வைத்தார்.

ஆறு வருடம் திறக்காத மதகு. திருகு துருப்பிடித்திருந்தது. உடம்பு மொத்தத்தையும் போட்டுத் தொங்கினேன், அசையவில்லை. அந்தச் சக்கரத்தை ஒரு ஆள் திருப்ப முடியாது. இந்த வெளியூர் வேலைக்குப் போகுமுன் என்னோடு வந்து அதற்கு எண்ணெய் போட்டவர் நீங்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அந்தக் கரையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்றேகாலுக்கு மதகு திறந்தது.

தண்ணீர் சுவரைச் சாய்த்துக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தோம். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் கம்பத்தில் ஒன்றரை அடி இறங்கிவிட்டது. கரை நின்றது. சாயத்தெருவில் வாசல்படிக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுவே எனக்கு எதிராகப் போய்விட்டது. 'பாத்தியா, கரை ஒண்ணும் உடையல. சும்மா இருந்தவளுக்கு என்ன அவசரம்' என்று மருந்துக்கடையில் மாத்திரை கட்டிக் கொடுக்கும்போதே சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்கள்.

மறுநாள் 'தீர்மான'மும் இன்னும் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். யார் திறந்தது என்று கேட்டார்கள். மாமா எழுந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். நான்தான், மாமாவை ஏமாற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத் திறந்தேன் என்றேன். இரும்புக்கடைக்காரருக்கு எந்தச் சக்கரத்துக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று தெரியாதா. தோல் உரிந்திருந்த என் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமாவின் வலது கை கோட்டுப் பையை விட்டு வெளியே வரவில்லை. இரும்புக்கடைக்காரர் அதற்கு மேல் கேட்காமல் எழுந்து போய்விட்டார். அவர் மனைவியும் அந்த அடக்க நிலத்தில்தான் இருக்கிறார். அந்த மனிதரை இத்தனை நாள் கேலி செய்தோமே என்றிருந்தது.

அதனால் உங்களிடம் மாமா 'அவதான்' என்று சொன்னது என் பேச்சைக் காப்பாற்றுவதற்காக. அவர் மேல் வருத்தப்படாதீர்கள். அன்றைக்குப் போனை வைத்த பிறகு அவர் சாப்பிடவில்லை. சின்னவள் அவர் மடியில் ஏறி, 'தாத்தா, அண்ணன் நனைஞ்சிருப்பானா?' என்று கேட்டாள். நான் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். 'நனைஞ்சுதான் இருப்பான். வெயில் வந்தா காஞ்சிடும்' என்றார் மாமா. அவள் அதோடு விளையாடப் போய்விட்டாள்.

வெளியே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பழகிவிடும். போன மாதம் பிறந்து பத்தாம் நாள் இறந்த குழந்தையை அங்கே வைத்த பெண், அடுத்த தெருத் தையல்காரரின் மருமகள், ஒரு காலையில் நம் வாசலில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா நின்றுவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன். என் பையனும் அங்கேதான் என்று சொன்னால் அவள் குழந்தைக்கு அது ஈடாகுமா.

அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மதகுப் பதிவேட்டில் 'யார் உத்தரவு' என்ற கட்டத்தில் அன்றைக்கு 'நானே' என்று எழுதி வைத்தேன். அதையேதான் பதிலாகவும் அனுப்பியிருக்கிறேன். வேலை இருக்குமா போகுமா தெரியாது.

இதற்கிடையில் கோடி வீட்டு அம்மா வந்தார். அவர் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறாராம். சாயத்தெருவில் நாற்பது பேர் மண்வெட்டியோடு வந்து அடக்க நிலத்துச் சேற்றை எடுத்துத் தருகிறோம், உங்கள் பையன் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறோம் என்றார். மண்டபத்தில் போய்ச் சொன்னேன். வெளி ஆட்கள் அந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று நாலைந்து பேர் கத்தினார்கள். பெரியவர் மட்டும் அதில் சேரவில்லை. இரண்டு நாள் கழித்து நம் வீட்டுக்கு வந்தார். சேற்றில் நடந்து நடந்து காலெல்லாம் வெடித்திருந்தது. தினமும் தனியாகப் போய்ச் சேற்றை அள்ளுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. 'நீ செஞ்சது சரின்னு என்னால சொல்ல முடியல. தப்புன்னும் சொல்ல வரல' என்றார். அடுத்த மாதத்தின் முதல் வழிபாட்டு நாளில் எல்லாக் குடும்பமும் கூடுகிறது, வெளியூரில் இருக்கிற ஆண்களையும் வரச் சொல்லியிருக்கிறது. சாயத்தெருக்காரர்களை உள்ளே விடுவதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள். அதற்கு முன்னால் நான் எல்லோர் முன்பும் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் கேட்டால் மற்றவர்கள் மனம் இறங்கும் என்று அவர் நினைக்கிறார்.

நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தையல்காரர் மருமகளிடம் மன்னிப்புக் கேட்க எனக்குக் கூச்சமே இல்லை. அத்தையிடமும் பையனிடமும் தினமும்தான் கேட்கிறேன். ஆனால் திறந்தது தப்பு என்று மட்டும் என் வாயிலிருந்து வராது. அதைச் சொல்லச் சொன்னால் அப்படியே இறங்கி வந்துவிடுவேன்.

இப்போது என் பயம் வேறு. பெரியவர் போன பிறகு மாமா, 'அன்னிக்கு நானும் வர்றேன். உன் பக்கத்துல நிக்கறேன். ரெண்டு கையையும் காட்டறேன்' என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. எழுபத்துமூன்று வயதில் அவருக்கு அந்த மண்டபத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது. காலையில் அதன் கதவைத் திறக்கவில்லை என்றால் அவருக்கு அந்த நாளே விடியாது. காவல் வைத்த ஆளே திறந்துவிட்டான் என்று தெரிந்தால் யாரும் அவரை அடிக்கப் போவதில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போவார்கள். அதை அவர் தாங்க மாட்டார்.

பேசாமல் இருந்தாலும் தாங்க மாட்டார் போலிருக்கிறது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. என் விஷயத்தில் எனக்கு இந்தக் குழப்பம் இல்லை, அவர் விஷயத்தில்தான்.

அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். என்னிடம் பேச மனம் இல்லாவிட்டால் பேச வேண்டாம், பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாளுக்குள் லீவு போட்டு வந்துவிடுங்கள். வந்து என்னைச் சரி என்று சொல்ல வேண்டாம், தப்பு என்று சொன்னாலும் இருந்து சொல்லுங்கள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அங்கே நிற்கும்போது எங்களுக்கு நடுவில் நீங்கள் நிற்க வேண்டும்.

வழியில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
நம் இரண்டு பிள்ளைகளின் அம்மா